சனிக்கிழமை வெளியே போவோமா

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், செல்லங்களே. போர்வையை இழுத்து மூடிக்கொள்ளுங்கள், பக்கத்தில் இருப்பவருக்கும் கொஞ்சம் விடுங்கள். இன்றைக்கு உங்களுக்கு ஒரு பூட்டின் கதை சொல்லப் போகிறேன். பயப்பட வேண்டாம், கடைசியில் யாரும் சாகமாட்டார்கள். ஆனால் நடுவில் கொஞ்சம் மூச்சு முட்டும். அந்த இடத்தில் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இத்தாலி தேசத்துக்குக் கீழே சிசிலி என்றொரு தீவு. அங்கே பலேர்மோ பட்டணம். யாழ்ப்பாணத்துச் சனம் அங்கே போய்க் குடியேறித் தலைமுறைகள் ஆகிவிட்டன. சந்தைத் தெருவில் முருங்கைக்காயும் கிடைக்கும், பனங்கிழங்கு ஒடியல் மாவும் கிடைக்கும். இது நடந்த காலம் நம்முடைய காலத்துக்குச் சற்றுப் பிந்தியது. அப்போது வேலைக்குப் போகிறவர்கள் இத்தாலி மொழியைக் கற்பதில்லை, பூட்டிக்கொள்வார்கள்.

சுகந்தினியும் அப்படித்தான் பூட்டிக்கொண்டாள். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் நூல் போல ஒரு பேச்சுப்பட்டை. அனுப்பிய நிறுவனம் அதில் முதியோர் பராமரிப்புக்கான வாக்கியத் தொகுதியை ஏற்றிவிட்டது. யார் இத்தாலியில் பேசினாலும் பட்டை அவள் காதுக்குள் தமிழில் முணுமுணுக்கும். அவள் இத்தாலியில் பேச நினைத்தால் நாக்கும் தொண்டையும் தாமாகவே அசையும். பிறந்தது முதல் அந்த ஊரில் வளர்ந்தவள் போலச் சுத்தமாக வரும்.

ஆனால் தொகுதியில் உள்ள வாக்கியங்கள் மட்டும்தான் வரும். அதில் இல்லாத ஒன்றைச் சொல்லப் போனால், உள்ளவற்றில் எது கிட்டத்தட்டப் பொருந்துகிறதோ அதைப் பட்டை எடுத்துக் கொடுத்துவிடும். ஒருநாள் அவள், "எனக்கு வீட்டு ஞாபகமாக இருக்கிறது" என்று சொல்ல வாயெடுத்தாள். "உங்களுக்கு எங்கே வலிக்கிறது?" என்று வந்தது. சுயமாகப் படித்துக்கொள்ளலாம் என்று பார்த்தாலும் முடியவில்லை. தானே கோத்த இத்தாலிச் சொல் பல்லைத் தாண்டுமுன் பட்டை முந்திக்கொண்டது.

அவள் பார்த்துக்கொண்டது ஆஸுந்தா என்ற மூதாட்டியை. சிஞ்ஞோரா ஆஸுந்தா என்று மரியாதையாக அழைப்பார்கள். பக்கவாதம் வந்து தேறியவர், கண் பார்வை மங்கல், தடி ஊன்றி மெல்ல நடப்பார். பேச்சு குறைவு. தண்ணீர் வேண்டும், வலிக்கிறது, குளிர்கிறது, எனக்கு வேண்டாம். இவ்வளவுதான். அதிகம் சொல்வது கடைசியில் உள்ளதை.

அந்த வீட்டுக் கதவைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பு இருந்த ஒரு பராமரிப்புப் பெண் சிஞ்ஞோராவை வற்புறுத்தி வெளியே கூட்டிப்போய், படியில் விழவைத்துவிட்டாள். மிலானோவில் இருக்கும் மகன் தொனாத்தோ உடனே ஒரு பூட்டுப் போட்டான். வெளியே போகும் விருப்பத்தைச் சிஞ்ஞோரா தன் வாயால் சொன்னால்தான் அது திறக்கும். இல்லையென்றால் மகன் அங்கிருந்து திறக்க வேண்டும். அம்மாவை யாரும் இழுத்துக்கொண்டு போகக் கூடாது என்ற நல்ல எண்ணந்தான். வாரத்துக்கொருமுறை மாற்று ஆள் வரும்போது அவன் திறந்துவிடுவான் என்பது ஏற்பாடு. மாற்று ஆள் வருவது நின்று மாதங்கள் ஆகிவிட்டன. நிறுவனத்தைக் கேட்டால், ஆள் கிடைத்ததும் அனுப்புகிறோம் என்ற ஒரே பதில். கதவை உடைத்தால் விசா போய்விடும்.

சாமான்கள் பால்கனி வழியாக வந்தன. அது அந்த ஊர் வழக்கம். மூன்றாம் மாடியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவார்கள், கீழே கடைக்காரர் போட்டு அனுப்புவார். கீழே கடை வைத்திருந்தது கரவெட்டி ஊர்க்காரர் கெங்காதரன் அண்ணை. சுகந்தினி தமிழில் பேசும் ஒரே நேரம், கூடை ஏறி இறங்கும் நேரம்.

அன்றைக்கு வெங்காயமும் பாலும் ஏறும்போது அவர் கேட்டார். "என்ன தங்கச்சி, முகம் பூரிச்சுப்போய்க் கிடக்கு. லொத்தர்ச் சீட்டு விழுந்ததோ?"

"இவர் வாறார் அண்ணை. கப்பல் சனிக்கிழமை இஞ்ச வருதாம். பின்னேரம் வெளிக்கிட்டிடும்."

இவர் என்றால் நவநேசன், அவளுடைய கணவன். பயணக் கப்பலில் சமையல்காரன். மூன்று வருஷமாக இருவரும் கைப்பேசித் திரையில் மட்டுமே ஒருவரையொருவர் பார்த்து வந்தார்கள்.

"அப்ப வரட்டும், நான் நல்ல கோழியாப் பார்த்து அனுப்பிறன்."

"இஞ்ச வரேலாது. கப்பல் வேலைக்காரருக்குத் துறைமுகக் கேற்றைத் தாண்ட அனுமதி இல்லை. நான்தான் போகோணும்."

கெங்காதரன் அண்ணை கயிற்றைப் பிடித்தபடி நின்றார். மூன்றாம் மாடிக் கதவு அவருக்கும் தெரியும்.

"மகன்காரனைக் கேட்டுப் பார்த்தனீரோ?"

"எடுத்தனான். கோல் எடுத்து 'கதவைத் திறவுங்கோ' எண்டு சொல்லப் போனா, 'அம்மா நல்லாச் சாப்பிட்டா' எண்டு வருது. அவர் நன்றி சொல்லிப்போட்டு வைச்சிட்டார். மொழிபெயர்த்து எழுதியும் அனுப்பினனான், பதில் இல்லை. கொம்பனிக்காரர் ஆள் இல்லையாம் எண்டினம்."

"நான் கதைக்கட்டோ?"

"ஐயோ வேண்டாம். வேலைக்காரி வெளியாக்களோட சேர்ந்து ஏதோ செய்யிறாள் எண்டு நினைச்சா, என்ர கதை முடிஞ்சுது."

"அப்ப கிழவியைக் கூட்டிக்கொண்டு வாருமன். அவ சொன்னாக் கதவு திறக்கும்தானே."

"அவ மாட்டா. நான் ஒவ்வொரு நாளும் கேக்கிறனான். கைப்பேசியை மொழிபெயர்க்க விட்டும் கேட்டனான். தட்டி விட்டிட்டா. வேண்டாம், வேண்டாம், வேண்டாம்."

"நீர் என்னெண்டு கேக்கிறனீர்?"

"'நடக்கும் நேரம் வந்துவிட்டது.' அதுதான் தொகுதியில இருக்கு."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அது கேள்வியே? பொலிஸ் வந்து கதவில தட்டிற மாதிரிக் கிடக்கு. எனக்கெண்டாலும் வேண்டாம் எண்டுதான் சொல்லுவன். பொறும், ஒரு சாமான் அனுப்பிறன். சிரிக்கக்கூடாது, சொல்லிப்போட்டன்."

கூடை மறுபடி இறங்கி ஏறியது. புதினா இலைக் கட்டுக்குள் கடதாசியில் ஒட்டிய ஒரு சின்னக் கறுப்பு வட்டம் இருந்தது. எங்கள் சனம் அதற்குப் பொட்டு என்று பெயர் வைத்திருந்தது. காதுக்குப் பின்னால் பட்டைக்கு நேரே ஒட்டினால், அதிலுள்ள வாக்கியங்கள் பட்டைக்குள் இறங்கும். எடுத்தால் போய்விடும்.

"என்னண்ணை இது?"

"பொம்பிளைப் பெட்டையளை வெளிய கூப்பிடுற தொகுதி. எங்கட பெடியள் வாங்கிறவங்கள். இது சும்மா காட்டுறதுக்குக் குடுத்தது, ஞாயிறு விடியிறவரைக்கும்தான் வேலை செய்யும்."

"எனக்கு வெக்கமாக் கிடக்கு."

"வெக்கப்பட்டா மனுசனைப் பாக்கேலாது. ஒவ்வொரு வசனத்தையும் ஒருக்கா வாய்விட்டுச் சொல்லிப் பழகினாத்தான் பிடிக்கும். போய்ப் பழகும்."

சுகந்தினி குசினிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கோப்பி போடும் சின்ன அலுமினியப் பானைக்கு முன்னால் நின்றுகொண்டு, பட்டை காதுக்குள் சொல்லச் சொல்ல அவளும் சொன்னாள்.

"தி வா தி ப்ரெந்தெரே உன் கஃபே?" ஒரு கோப்பி குடிப்போமா.

"ஸேய் லீபெரா ஸாபதோ?" சனிக்கிழமை உனக்கு வேலை ஏதும் இல்லையே.

"அந்தியாமோ அ ஃபாரே துயே பாஸ்ஸி?" காலாற நடந்துவிட்டு வருவோமா.

பானை உஸ்ஸென்று நீராவி விட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவளை யாரும் இப்படிக் கூப்பிட்டதில்லை. நவநேசனோடு கலியாணம் பேசி முடித்த பிறகுதான் பேசினாள். அவன் கேட்ட முதல் கேள்வியே, உமக்குக் கணவாய்க் கறி பிடிக்குமோ என்பதுதான். உன்னை வீட்டு வாசலில் வந்து கூட்டிப்போகிறேன், நீ வந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும், இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகலாமே. இப்படியெல்லாம் ஒருத்தர் ஒருத்தரைக் கேட்டுக்கொள்கிற ஊரில் இருந்துகொண்டு, மாதக்கணக்காக வாயைத் திற, மாத்திரையை விழுங்கு என்பதைத் தவிர வேறெதையும் அவள் சொன்னதில்லை.

வினை இரவுச் சாப்பாட்டில் வந்தது. இரண்டு தொகுதி வாக்கியங்களும் பட்டைக்குள் கலந்து கிடந்தன. சூப்பைக் கரண்டியில் எடுத்து, இன்னும் கொஞ்சம் வாயைத் திறவுங்கோ என்று சொல்லத்தான் நினைத்தாள்.

"இன்று மாலை நீ மிக அழகாக இருக்கிறாய்" என்று வந்தது.

நீ என்று வேறு. சுகந்தினிக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

சிஞ்ஞோரா கரண்டியை வாங்காமல் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அவருடைய தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்துச் சுகந்தினி துவாயை எடுத்தாள். அழவில்லை. அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை இதற்கு முன் அவள் கேட்டதேயில்லை.

அந்தத் துணிச்சலில் அவள் கேட்டுவிட்டாள். "ஸேய் லீபெரா ஸாபதோ?"

சிஞ்ஞோராவின் உதடுகள் குவிந்தன. நீளமாக ஏதோ சொல்லப் போகிறவர்போல மூச்சை இழுத்தார். ஒரு கணம் வாய் தடுக்கி நின்றது. பிறகு வந்தது.

"எனக்கு வேண்டாம்."

வாய் அப்படிச் சொல்ல, அவருடைய கை சுகந்தினியின் சட்டைக் கையைப் பற்றி இழுத்தது, கதவுப் பக்கமாக.

சுகந்தினி கரண்டியை வைத்துவிட்டாள். அந்தத் தடுக்கல் அவளுக்குத் தெரியும். வாய் ஒன்றுக்குத் தயாராகி நிற்க, உள்ளேயிருந்து வேறொன்று வந்து அதைத் தள்ளுவது. கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்தபோது தன் முகத்திலேயே அதைக் கண்டிருக்கிறாள். மெல்ல எழுந்து சிஞ்ஞோராவின் வெள்ளைத் தலைமுடியை ஒதுக்கினாள். காதுக்குப் பின்னால் இருந்த தழும்பை நாள்தோறும் தலைவாரும்போது பார்த்திருந்தாள். ஆஸ்பத்திரித் தையல் என்று நினைத்திருந்தாள். இப்போது ஒரு விரலை அதன்மேலும் மறு விரலைத் தன் காதுக்குப் பின்னாலும் வைத்துத் தடவினாள்.

ஒரே நீளம். ஒரே நூல்.

பக்கவாதத்தில் பேச்சுப் போன தாய்க்கு மகன் பேச்சுப்பட்டை பூட்டிவிட்டிருக்கிறான். ஆஸ்பத்திரியில் நோயாளித் தொகுதியை ஏற்றியிருக்கிறார்கள். தண்ணீர் வேண்டும், வலிக்கிறது, குளிர்கிறது, எனக்கு வேண்டாம். நோயாளி ஒருவருக்கு அதற்குமேல் என்ன தேவைப்படும் என்று யாரோ ஒருவர் ஒரு மேசையில் இருந்து முடிவுகட்டியிருக்கிறார். வெளியே போக வேண்டும் என்ற வாக்கியம் அதில் இல்லை. அந்த வாக்கியத்துக்குத்தான் மகன் கதவைக் கட்டிவைத்திருந்தான்.

சுகந்தினிக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கிறிஸ்மஸ் அன்று தெருவில் பாட்டுக் கேட்டபோது சிஞ்ஞோரா வேண்டாம் என்றார், அவள் யன்னலைச் சாத்தினாள். மகன் அழைக்கும் போதெல்லாம் வேண்டாம் என்றார், அவள் கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டாள். வீட்டு ஞாபகத்தில் அவள் நின்றபோது சிஞ்ஞோரா அவள் கன்னத்தைத் தடவி, "எனக்கு வலிக்கிறது" என்றார். அவளோ வலி மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்தாள்.

"அம்மா" என்று தமிழிலேயே கூப்பிட்டாள். இரண்டு பேரும் சூப் ஆறிப்போகும்வரை கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.

சனிக்கிழமை காலை பால்கனியில் நின்றால் கூரைகளுக்கிடையில் கப்பலின் வெள்ளைப் புகைபோக்கி தெரிந்தது. கெங்காதரன் அண்ணை கீழேயிருந்து கையை விரித்து, என்ன மாதிரி என்று கேட்டார். அவள் உள்ளே போனாள். இதோ இந்த இடத்தில்தான் கையைப் பிடிக்கச் சொன்னேன், செல்லங்களே.

தன் காதுக்குப் பின்னாலிருந்து பொட்டைக் கிள்ளி எடுத்தாள். சிஞ்ஞோராவின் தலைமுடியை ஒதுக்கி, அந்தத் தழும்புக்கு நேரே ஒட்டினாள்.

வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டுமே. சுகந்தினியின் வாயில் இப்போது அந்த வாக்கியங்கள் இல்லை, சொல்லிக் கொடுக்க வழியில்லை. பட்டை காதுக்குள் சொல்வதைச் சிஞ்ஞோரா தானே கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்வாரா, அதை விரும்புவாரா, அதுவும் தெரியாது. அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். துறைமுகத்துப் பக்கம் ஒருமுறை சங்கு ஊதியது.

சிஞ்ஞோரா தலையைச் சாய்த்து எதையோ கவனித்தார். உதடு அசைந்தது. ஒரு முணுமுணுப்பு. பிறகு இன்னொன்று. தன் வாயிலிருந்து வருவதைத் தானே கேட்டு நெற்றியைச் சுருக்கினார். அப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு தடியை ஊன்றி எழுந்து, மங்கல் கண்ணால் சுகந்தினியைத் தேடி, ஒரு கையை நீட்டினார்.

"அந்தியாமோ அ ஃபாரே துயே பாஸ்ஸி?"

காலாற நடந்துவிட்டு வருவோமா. கூப்பிடப் பழகியவள் சுகந்தினி. கடைசியில் கூப்பிட்டது சிஞ்ஞோரா.

கதவு டக்கென்று திறந்தது. இருவரும் திடுக்கிட்டு ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். பிறகு கைகோத்தபடி, ஒவ்வொரு படியாக இறங்கித் துறைமுகத்துக்கு நடந்தார்கள்.

துறைமுகக் கேற்றில் ஒரு கம்பித் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் நவநேசன், வெள்ளைச் சட்டையில் மஞ்சள் கறை.

"மெலிஞ்சு போனீங்கள்" என்றாள்.

"சமைக்கிறவன் மெலிஞ்சா ஆர் நம்புவினம்? நீர்தான் வெளிறிப்போனீர். வெய்யிலைக் கண்டே கன நாளோ?"

கம்பிக்குள்ளால் கையை விட்டு அவள் அவனுடைய முழங்கைச் சூட்டுத் தழும்பைத் தொட்டுப் பார்த்தாள். திரையில் அது தெரிந்ததில்லை.

"ஆரிந்த மனுசி? நீர் கூட்டிக்கொண்டு வந்தனீரோ?"

"இல்லை. அவதான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவ."

சிஞ்ஞோரா அவன் பக்கம் திரும்பி ஏதோ முகமன் சொல்ல முயன்றார். இன்று மாலை நீ மிக அழகாக இருக்கிறாய் என்று வந்தது. கப்பலில் கொஞ்சம் இத்தாலி பொறுக்கியிருந்த நவநேசன் காது வரை சிவந்துபோனான். சுகந்தினி சிரித்துச் சிரித்துக் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டாள். சிரிப்பு முடிந்தபோது அது அழுகையாகியிருந்தது. அவன் அவள் தலையில் கையை வைத்துத் தடவினான்.

பிறகு சிஞ்ஞோரா கைப்பேசி பிடிப்பதுபோலக் காதருகே கையை வைத்துக் காட்டினார். யாருக்கு என்று சுகந்தினிக்கு விளங்கியது. தொனாத்தோவை அழைத்துக் கைப்பேசியைக் கொடுத்தாள்.

"என்ன அம்மா, வலியா?" என்றது அவசரமான குரல்.

சிஞ்ஞோரா கைப்பேசியை இரு கையாலும் பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை உனக்கு வேலை ஏதும் இல்லையே, என்றார். நீ வந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும், என்றார்.

"என்மேல் கோபம் என்று நினைத்திருந்தேன்" என்றான் மகன். "வருகிறேன், அம்மா. நாளைக்கே."

பின்னேரம் கப்பல் போனது. அவர்கள் வீட்டுக்குத்தான் திரும்பினார்கள். வேறெங்கே போவார்கள். கதவு பின்னால் மூடிக்கொண்டது. ஞாயிறு விடியும்போது பொட்டு செத்துவிட்டது.

மதியம் தொனாத்தோ வந்தான். கையில் பொன்னிறக் கடதாசி சுற்றிய இனிப்புத் தட்டு, அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு யாரும் படியேற மாட்டார்கள். கதவைத் தானே திறந்துகொண்டு சிரித்த முகத்தோடு வந்தான்.

"வந்துவிட்டேன், அம்மா."

சிஞ்ஞோரா எழுந்தார். உதடு குவிந்தது, தடுக்கியது.

"எனக்கு வேண்டாம்."

அவன் முகம் வாடியதைச் சுகந்தினி பார்த்தாள். "நேற்று நீங்கள்தானே..."

"எனக்கு வேண்டாம்."

தட்டை மேசையில் வைத்தான். கோட்டுப் பொத்தானை மறுபடி பூட்டினான். போகாதே, அது அவருடைய சொல் இல்லை என்று சுகந்தினி கத்தப் பார்த்தாள்.

"மாத்திரை கொடுக்கும் நேரம் வந்துவிட்டது" என்று மணிமணியாக வந்தது.

"சரி, கொடுங்கள். நான் கிளம்புகிறேன்" என்றான் அவன்.

அவள் ஓடிப்போய்க் கதவை மறித்து நின்றாள். "போகாதையுங்கோ" என்று தமிழில் சொன்னாள். அவனுக்கு அது விளங்கவில்லை. அவளைத் தள்ளவும் மனமில்லாமல் நின்றான். அப்போது பின்னால் தடி தட்டும் சத்தம் கேட்டது. திரும்பினான்.

தாய் அறையிலிருந்து வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் தடி. மற்றக் கையில், நெஞ்சோடு அணைத்தபடி, வெளியே போகும்போது போடும் சப்பாத்துகள். கிட்ட வந்து அவற்றை அவனிடம் நீட்டினார்.

"எனக்கு வேண்டாம்" என்றது வாய். நீட்டிய கை இறங்கவில்லை.

தொனாத்தோ சப்பாத்தைப் பார்த்தான். தாயின் முகத்தைப் பார்த்தான். காதுக்குப் பின்னாலிருந்த, தானே பணம் கொடுத்துப் பூட்டுவித்த தழும்பைப் பார்த்தான். கோட்டோடு தரையில் மண்டியிட்டு, ஒரு காலை எடுத்து மடியில் வைத்துச் சப்பாத்தை மாட்டினான். வாரை இழுத்துக் கட்டினான்.

"எவ்வளவு காலமாக, அம்மா?"

"தண்ணீர் வேண்டும்" என்றார் தாய்.

அவன் தண்ணீர் எடுக்க எழவில்லை. மற்றக் காலை எடுத்து மடியில் வைத்தான்.

அவ்வளவுதான், என் செல்லங்களே. கையை விடலாம். உங்கள் வீட்டுக் கதவு உள்ளிருப்பவர் தள்ளினாலும் திறக்கட்டும், வெளியிலிருப்பவர் தட்டினாலும் திறக்கட்டும். உங்கள் வீட்டில் யாருடைய ஆசையும் தொண்டையோடு நின்றுபோகாமல் இருக்கட்டும். வாய் வராதவரின் கையைப் பார்க்க ஒருத்தராவது உங்கள் வீட்டில் எப்போதும் இருக்கட்டும். அடுப்பும் அன்பும் அணையாமல், குடும்பத்தோடு நன்றாக இருங்கள்.